நம்ம ஓடையில் ஒரு வொல்வரின் உறவுக்காரன்



வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன் இருந்தால், "வொல்வரின் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே முஷ்டியை மடக்கி, விரலிடுக்கில் மூன்று கத்தி நீளுவது மாதிரி காட்டுவான். 1974இல் மார்வல் காமிக்ஸில் தலைகாட்டி, ஹியூ ஜேக்மன் புண்ணியத்தில் சினிமாவுக்கு வந்து, இப்போது லயத்து வீட்டு ஃபோன் வரைக்கும் வந்துவிட்ட ஹீரோ ஆயிற்றே!

ஆனால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு மிருகம் இருக்கிறது. அதன் சொந்தக்காரன் ஒருவன் களனி கங்கையிலும், களு கங்கையிலும், வளவை கங்கையிலும், அவற்றில் போய் விழும் நம் தோட்டத்து ஓடைகளிலும் மீன் பிடித்துத் திரிகிறான் என்றால் எத்தனை பேர் நம்புவோம்?

இந்த மாதம் அந்தச் சொந்தக்காரனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேச்சு அவனில் ஆரம்பித்தாலும், நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வொல்வரின். அலாஸ்கா, கனடா, நோர்வே, சுவீடன், ரஷ்யா என்று பனி கொட்டுகிற நாடுகளில் வாழ்கிற மிருகம் அது. குட்டையான கால், தடித்த உடம்பு, சிறிய காது. கரும்பழுப்பு நிற ரோமம். விலாவின் இரண்டு பக்கமும் வெளிறிய மஞ்சள் பட்டை. நன்கு வளர்ந்த ஆண் பதினைந்து கிலோ அளவில் இருக்கும். அகலமான பாதம் என்பதால் பனியில் புதையாமல் நடக்கும். அதன் ரோமத்தில் உறைபனி ஒட்டாது; தட்டினால் உதிர்ந்துவிடும். அதனால்தான் வடதுருவப் பக்கத்து மக்கள் தங்கள் குளிர் அங்கியின் தலைமூடி ஓரத்தில் அந்தத் தோலை வைத்துத் தைப்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் அது எதையும் ஒதுக்குவதில்லை. முயல், அணில், பறவை முட்டை, காட்டுப்பழம் எல்லாம் உண்ணும். பனியில் விழுந்து செத்த கலைமானும் ஓநாய் மிச்சம் வைத்த எலும்பும்தான் அதற்குப் பெரிய விருந்து. மேல்வாயின் கடைசிப் பல் உட்பக்கம் திரும்பியிருப்பதால், கல்லாக உறைந்த இறைச்சியையும் பிய்த்துத் தின்றுவிடும். தின்றது போக மீதியைப் பனிக்குள் புதைத்து வைத்து, பசிக்கும்போது தோண்டி எடுக்கும். குட்டி போடுவதும் பனிக்குள் குடைந்த வளையில்தான். பனி குறைந்துகொண்டே போவதால், அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் 2023 நவம்பரில் அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான விலங்காக அறிவித்தார்கள்.

தனிக்காட்டு ராஜா என்பது அதற்குத்தான் பொருந்தும். ஓர் ஆண் வொல்வரினின் நடமாட்டப் பரப்பு பல நூறு சதுர கிலோமீற்றர் இருக்கும். சிலவற்றுக்கு ஆயிரத்தையும் தாண்டும். நமது கேகாலை மாவட்டம் முழுவதுமே சுமார் 1,690 சதுர கிலோமீற்றர்தான். அந்தக் கணக்கில் இரண்டு பேர் வந்தாலே மாவட்டத்தில் இடம் போதாது!

சரி, இதற்கும் நமக்கும் என்ன உறவு?

விலங்கியலாளர்கள் வொல்வரினை மஸ்டெலிட் என்கிற குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் தரையில் வாழ்பவற்றில் உடம்பால் பெரியது வொல்வரின். அதன் மிக நெருங்கிய சொந்தங்களில் ஒன்று நீலகிரி மார்ட்டன். கரும்பழுப்பு உடம்பும், கழுத்தடியில் பளிச்சென்ற மஞ்சளும் கொண்ட, மரமேறும் மிருகம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

நீலகிரி என்றதும் உங்களில் பலருக்கு வேறு ஞாபகம் வந்திருக்கும். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, நம் குடும்பங்களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களில் எத்தனை பேர் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்! அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய டான்டீ தோட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆக, வொல்வரினின் ஒரு சொந்தம் நம் சொந்தங்கள் கொழுந்து பறிக்கிற மலையில் இருக்கிறது. இன்னொரு சொந்தம் நம்மோடு இங்கேயே இருக்கிறது.

அதுதான் நீர்நாய். சிங்கள அயலவர்கள் தியபல்லா என்பார்கள். மஸ்டெலிட் குடும்பத்தில் இலங்கைக்கென்று வாய்த்தது இந்த ஒன்றேதான். தமிழ்நாட்டுப் பக்கம் மூன்று வகை நீர்நாய் உண்டு. நம்மிடம் இருப்பது ஐரோப்பிய – ஆசிய நீர்நாய் என்கிற ஒரே வகை. ராத்திரியில் கூரை மேல் ஓடி நம் தூக்கத்தைக் கெடுக்கிற மரநாய் இந்தக் குடும்பம் இல்லை. அது புனுகுப்பூனைக் கூட்டம்.

நீர்நாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருப்பவர்கள் பெரும்பாலும் விடியலில் பால் வெட்டப் போகிறவர்களாக இருப்பார்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பக்கத்து இறப்பர் மலைகளில், வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் ஓடையைக் கடக்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். அது ராத்திரி மிருகம். அந்தி மயங்கிய பிறகு வெளியே வந்து, விடிகிற நேரத்தில் மறைந்துவிடும்.

தண்ணீரில் முதலில் தெரிவது தட்டையான தலை மட்டும். பிறகு முதுகு, அதற்குப் பிறகு வால். தலையிலிருந்து வால் நுனி வரை ஒரு மீற்றருக்கு மேல் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வால்தான். அடியில் தடித்து நுனியில் ஒடுங்கும் அந்த வாலும், சவ்வு இணைந்த விரல்களும் நீந்துவதற்கென்றே அமைந்தவை. முங்கும்போது காதும் மூக்கும் தாமாகவே மூடிக்கொள்ளும். ரோமம் இரண்டு அடுக்கு: வெளியே முரடு, உள்ளே நெருக்கமான மென்மை. உள் அடுக்கில் காற்று தங்குவதால் தண்ணீர் தோலைத் தொடுவதே இல்லை. கரையேறி ஒரு தடவை உதறினால் போதும்.

மாரி காலத்தில் ஓடை செம்மண்ணாக ஓடும்போது அது எப்படி மீன் பிடிக்கிறது? மீசையால்! முகத்தில் விறைத்து நிற்கும் அந்த மயிர்கள், மீன் வாலை ஆட்டும்போது தண்ணீரில் எழும் சின்ன அசைவையும் பிடித்துவிடும். கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

சின்ன மீன் என்றால் தண்ணீரிலேயே கதை முடிந்துவிடும். பெரிதாக இருந்தால் கரைக்குக் கொண்டு வந்து, முன்கால்களால் அமுக்கிப் பிடித்துத் தின்னும். தவளை, எப்போதாவது ஒரு நீர்ப்பறவை, எலி என்று மற்றவையும் உண்டு. நம் மலை ஓடைகளில் அதற்கு நல்ல தீனி நண்டு. சளி பிடித்தால் ஓடை நண்டு நசுக்கி ரசம் வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? அதே நண்டுதான். இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு வகைகள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. சிலவற்றுக்கு ஒரு மலையின் சில ஓடைகள்தான் மொத்த உலகமே.

நீர்நாயைப் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் அதன் அடையாளத்தைப் பார்க்கலாம். ஓடை நடுவில் துருத்தி நிற்கும் கல், இரண்டு ஓடை கூடும் இடம், பாலத்தின் அடிப்பகுதி – இங்கேதான் அது எச்சம் போட்டு "இது என் இடம்" என்று எழுதி வைக்கும். காய்ந்த எச்சத்தை ஒரு குச்சியால் கிளறினால் மீன் செதிலும் முள்ளும் நண்டு ஓட்டுத் துண்டுகளும் தெரியும். புதிதாக இருந்தால் மீன் வாசத்தோடு இன்னொரு வாசமும் வரும். இங்கிலாந்துக்காரர்கள் அதை மல்லிகை கலந்த தேயிலை வாசம் என்பார்கள். தேயிலை வாசம் நம்மை விட வேறு யாருக்குத் தெரியும்? முகர்ந்து பார்த்து நீங்களே சொல்லுங்கள்!

ஈர மணலில் கால் தடமும் இருக்கும். நாய்த் தடத்தில் நான்கு விரல். நீர்நாய்த் தடத்தில் ஐந்து.

வளை கட்டுவது கரையோர மரத்தின் வேருக்கு அடியில், அல்லது பாறை இடுக்கில். இரண்டு மாதச் சினை. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டி. கண் திறக்காத அந்தக் குட்டிகளை வளர்ப்பது தாய் மட்டும்தான். நீந்தக்கூட அதுதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில குட்டிகள் முதலில் தண்ணீரைக் கண்டு பயப்படும். ஏறத்தாழ ஒரு வருடம் தாயோடு திரிந்த பிறகுதான் தனி வழி. தாயும் குட்டியும் ஒருவரையொருவர் தேடும்போது கூர்மையான விசில் சத்தம் கேட்கும்.

"நல்லதுதான் ஆசிரியரே, மிருகம் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கஷ்டத்துக்கு நடுவில் இதை ஏன் எங்களுக்குச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பதிலுக்கு இங்கிலாந்தின் கதை ஒன்று. அங்கே இருப்பதும் நம் ஓடையில் இருக்கும் இதே வகை நீர்நாய்தான். 1950களின் நடுப்பகுதியில் அங்கே விதைக்கும் ஆட்டுக்கும் டீல்ட்ரின் போன்ற பூச்சி மருந்துகளைப் பாவிக்கத் தொடங்கினார்கள். மருந்து மழையோடு ஓடைக்குப் போனது. ஓடையிலிருந்து மீனுக்குள் போனது. ஒரு மீனில் கொஞ்சம்தான். ஆனால் நீர்நாய் தினமும் ஏறத்தாழ ஒரு கிலோ மீன் தின்னும். ஒவ்வொரு மீனிலும் இருந்த கொஞ்சம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போனது. 1970கள் முடிவதற்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாயே இல்லை. அந்த மருந்துகளைத் தடை செய்து, ஆறுகளைச் சுத்தம் செய்து, பல வருடம் காத்திருந்தார்கள். 2011இல்தான் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களுக்கும் நீர்நாய் திரும்பிவிட்டது என்று அறிவிக்க முடிந்தது.

ஓடையின் சங்கிலியில் கடைசிக் கண்ணி நீர்நாய் என்று நினைக்கிறோம். அதே ஓடையிலிருந்து பைப் இழுத்து, பீலி வைத்து, குடத்தில் பிடித்துச் சமைக்கிற நாம் எங்கே இருக்கிறோம்?

நம் தோட்டங்களைப் பாருங்கள். 2015இல் நாட்டில் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. எந்த மருந்து நல்லது, எது கெட்டது என்ற வாதத்தை விடுங்கள். மருந்து அடித்து முடித்த பிறகு டாங்கியை எங்கே கழுவுகிறோம்? பெரும்பாலும் பக்கத்து ஓடையில். போத்தல் எங்கே போகிறது? அதுவும் அங்கேதான். அந்த ஓடைக்குக் கீழே அடுத்த டிவிஷன் இருக்கிறது. அங்கேயும் ஒரு பீலி இருக்கிறது.

இரத்தினபுரிப் பக்கம் இன்னொரு தொல்லை. அனுமதியோடு தோண்டி, முடிந்ததும் மூடுகிற மாணிக்கக் குழிகள் ஒரு பக்கம். ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றுப் படுகையையே கிளறுகிறவர்கள் மறுபக்கம். நீர்நாய் கலங்கல் தண்ணீரிலும் வேட்டையாடும். ஆனால் மீன் முட்டைமேல் சேறு படிந்தால் பொரிக்காது. மீன் இல்லாத ஓடையில் மீசை இருந்து என்ன பயன்? சிறிய நீர்மின் திட்டங்களுக்காகத் தண்ணீரைத் திருப்பும்போது வறண்டு கிடக்கும் ஓடைத் துண்டுகளிலும் இதே கதைதான்.

குப்பையைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். லயத்துக்குப் பின்னால் சரிவில் கொட்டுகிறோம், மழை அதை ஓடைக்குக் கொண்டு போகிறது. இதற்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியுமா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குப் பல வருடங்களாகக் குறுக்கே நின்றது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இப்போது "தோட்டத்துக்குள் வர எங்களுக்குச் சட்டம் இடம் தராது" என்று யாரும் சொல்ல முடியாது. குப்பை லொறி உங்கள் லயத்துக்கு வருகிறதா? வராவிட்டால், ஓட்டுக் கேட்டு வந்த உறுப்பினரிடம் கேளுங்கள். அது நம் உரிமை.

இனி சுருக்குக் கம்பி. பன்றி வந்து மரவள்ளியையும் வத்தாளையையும் தோண்டிப் போடும்போது வரும் கோபம் எனக்குப் புரியும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, மற்றது எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பக்கத்தில் அப்படிக் கட்டிய ஒரு கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டிக்கொண்டது. இலங்கையில் மிக அரிதான விலங்கு அது. கழுத்தில் காயத்தோடு உடவளவைக்குக் கொண்டு வந்து சிகிச்சை கொடுத்தும் மூன்றே நாளில் செத்துப் போனது. ஓடையோரம் கட்டும் கம்பியில் நீர்நாயும் மாட்டும். மீன் வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் சாகும். இந்தக் கம்பியில் நம் வீட்டு நாயும், விளையாடப் போன பிள்ளையின் காலும் கூட மாட்டலாம்.

"அது நம்ம மீனைத் தின்றுவிடுகிறதே?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீர்நாய் கூட்டமாகத் திரிவதில்லை. ஐரோப்பாவில் ஆராய்ந்தவர்கள், ஓர் ஆண் நீர்நாய்க்கு இருபது கிலோமீற்றர் நீளமான ஆறுகூட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். அத்தனை தூரத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆனால் ஒரு வெடியைத் தண்ணீரில் போட்டு மீன் பிடித்தால் பெரிய மீன், குஞ்சு, நண்டு எல்லாம் ஒரு நிமிடத்தில் தீர்ந்து போகும். ஓடை மீனை உண்மையில் தீர்ப்பது யார்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓடையில் நீர்நாய் இருந்தால் மீனும் நண்டும் வாழக்கூடிய தண்ணீர் என்று அர்த்தம்; அப்படியே குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. கொதிக்க வைத்தே குடியுங்கள். எலிக்காய்ச்சல் கேகாலை, இரத்தினபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களையும் விடாமல் பிடித்திருக்கிறது. காலில் வெட்டுக்காயத்தோடு கலங்கல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கரையோரத்தில் தனியாகக் கத்துகிற குட்டியைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். தாய் பக்கத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும். அது கடித்தாலும் சாதாரண கடியாக இருக்காது. நீர்நாய் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வளர்ப்பதும் கொல்வதும் குற்றம். காயப்பட்டதைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி.

இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றி முதலில் விரிவான நூல் எழுதியவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ். நூல் வெளிவந்தது 1935இல். அவர் ஒரு தேயிலைத் தோட்டத் துரை. நல்ல வேலை செய்தார்; அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் விடியலில் ஓடையைக் கடந்தவர்கள், மலை உச்சி வரை கால் தேய நடந்தவர்கள், எந்தப் பாறைக்கு அடியில் எது குட்டி போடும் என்று அறிந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் எழுதி வைக்கவில்லை. அந்த அறிவு அவர்களோடு போய்விட்டது.

இப்போது நாங்கள் கேட்கிறோம். பலாங்கொடையோ, இறக்குவானையோ, காவத்தையோ, எஹலியகொடையோ, அரநாயக்கவோ – நீங்கள் எங்கே இருந்தாலும், நீர்நாயையோ அதன் எச்சத்தையோ பார்த்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த மாதம், எத்தனை மணிக்கு, என்ன தின்றுகொண்டிருந்தது, அந்தத் தண்ணீரை எத்தனை குடும்பம் பாவிக்கிறது என்றும் எழுதுங்கள். முன்பு இருந்து இப்போது காணாமல் போன ஓடை என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்தும் அனுப்பலாம். மூன்று கத்தி மட்டும் வேண்டாம்!

வரும் கடிதங்களை ஒன்றாக வெளியிடுவோம். வேட்டைக்காரருக்கு வழிகாட்டியதாகிவிடக் கூடாது என்பதால், ஓடையின் பெயரை மட்டும் அச்சில் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்